மூன்றாம் படியில் ஒரு ஜோடிக் கட்டை

மலாக்காவின் காஜா பெராங்கில், சாரதாம்பாள் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளியே போயிருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிக் கேட்க வேண்டியதில்லை. வாசல் படியைப் பார்த்தால் போதும். படியில் எத்தனை ஜோடிக் கட்டைச் செருப்பு கிடக்கிறதோ அத்தனை பேர் உள்ளே. குடிவைக்கும்போதே வீட்டுக்காரி போட்ட சட்டம் அது. கட்டையை உள்ளே கொண்டுவரக் கூடாது, வாசலில் கண்டபடி உதறக் கூடாது, மூன்றாம் படியில் ஜோடி சேர்த்து வைக்க வேண்டும்.

ஹலீமா அந்தப் படியில் முதன்முதல் ஏறும்போது அழுதுகொண்டேதான் ஏறினாள். அழாமல் என்ன செய்வாள்? பெண்டஹாராத் தெருவில் கீழே துணிக்கடை, மேலே வீடு என்று வாழ்ந்தவள். ஜப்பான்காரன் வந்த கையோடு கடையிலிருந்த துணியெல்லாம் போயிற்று. அடுத்து கடையே போயிற்று. மாடியில், அவள் பாய் விரித்துப் படுத்த இடத்தில், எவனோ ஓர் அதிகாரி பூட்ஸ் காலோடு குடியேறினான். புருஷன் ஹனீபா ஊரெல்லாம் அலைந்து, கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்த இடம் இந்த ஒற்றை அறை.

கம்போங் செட்டிக்காரர்கள், எந்தக் காலத்திலோ மலாக்காவுக்கு வந்து மலாய் பேசிப்போன தமிழர்கள், அதுவரை வெளியாளுக்கு இடம் விட்டதே கிடையாது. தங்கள் கோயில், தங்கள் சனம், தங்கள் பழைய வீடு என்று இருந்தவர்கள். பஞ்சம் வந்து எல்லார் வயிற்றிலும் அடித்த பிறகு அந்த வீடுகளுக்கெல்லாம் பலகைத் தடுப்பு வந்தது. துறைமுகத்துப் பக்கம் குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவன், கடை போனவன், தோட்டத்தில் வேலை நின்றுபோனவன் என்று ஆளுக்கொரு மூலையில் வந்து ஒண்டினார்கள்.

சாரதாம்பாளுக்குப் பெயர்தான் தமிழ். வாயைத் திறந்தால் மலாய். சாரோங் கெபாயா, நெற்றியில் விபூதி, காதில் வைரத்தோடு. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. எல்லாருக்கும் அவள் மக் சாரதா, அதாவது சாரதாம்மா. முன்கூடத்தைச் சாமிக்கும் தனக்குமாக வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டாள். அடுப்படியைக் காட்டி, இங்கே மாட்டிறைச்சி வேகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். ஹனீபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாட்டுக்கு நான் எங்க போவேன் மக்? மரவள்ளிக்கிழங்கே நம்மளப் பாத்தா ஓடி ஒளியிது" என்று அவள் பாஷையிலேயே சொன்னான். மக் சாரதாவும் சிரித்துவிட்டாள். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. யாரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பான்.

முன்னறையில் ஏற்கெனவே ஒரு ஜோடி இருந்தது. டுரியான் துங்கல் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஜெயபாலனும் அவன் பெண்டாட்டி கமலவேணியும். கல்யாணமாகி அதிகக் காலம் ஆகவில்லை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் எடுத்து நீட்டுவார்கள், அவ்வளவு மெல்லிசு. முதல் வாரம் ஹலீமா மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு கமலவேணி ஊறவைத்த கிழங்கை இவள் சீவினாள், இவள் மூட்டிய நெருப்பில் அவள் தேநீர் போட்டாள், மூக்குத் தானாக நேராகிவிட்டது.

கிணறு பின்னால் இருந்தது. வாசல் படியில் கட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டின் பக்கவாட்டில் சிமெண்டு போட்ட சந்து வழியாக நடந்து போக வேண்டும். சந்து ஹலீமாவின் சன்னலை ஒட்டிப் போயிற்று. யார் கட்டை என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். ஹனீபாவின் கட்டை தனி ரகம். இடது கட்டையின் குதிகால் பிளந்துபோய், பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு துண்டு வெட்டி அவனே ஆணியடித்து வைத்திருந்தான். நடந்தால் ஒரு கால் டொக் என்னும், மறு கால் டிங் என்னும். விடிவதற்குள் சுபுஹுத் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கப் போவான். டொக், டிங், டொக், டிங். திரும்பி வரும்போது அந்தச் சத்தம் சன்னலடியில் நிற்கும். அவள் கண்ணைத் திறக்காமல் பாயில் கிடந்தபடியே கேட்பாள்.

"தண்ணி சில்லுனு இருக்கா மச்சான்?"

"ஐஸ்கட்டி புள்ள. எந்திரி, ஒனக்கும் ரெண்டு கட்டி எடுத்து வெச்சிருக்கேன்."

தினமும் இதே கேள்வி, தினமும் இதே பதில். பலகைக்கு அந்தப் பக்கம் கமலவேணி சிரிப்பது கேட்கும். ஊர் எரிந்துகொண்டிருந்த காலத்தில் அந்த வீட்டில் அப்படியும் கொஞ்ச நாள் ஓடியது.

சயாமில் ரயில் போடுகிறோம், ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் ஆரம்பித்தார்கள். முதலில் கூலி தருகிறோம், அரிசி தருகிறோம் என்று இனிக்க இனிக்கப் பேசினார்கள். போனவன் எவனும் திரும்பவில்லை என்றதும் பேச்சை விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போன தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனவர்களுக்கு ஆளைப் பெயர்ப்பதா கஷ்டம்? கிழங்கு மூட்டையோடு வந்துகொண்டிருந்த ஜெயபாலனை நடுரோட்டில் மறித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். மூட்டை மட்டும் வீடு வந்தது. பின்னால் வந்த ஒரு புண்ணியவான் தூக்கிவந்து கொடுத்துவிட்டுப் போனான். காலையில் ஜெயபாலன் சப்பாத்து போட்டுப் போயிருந்ததால் அவனுடைய கட்டை மூன்றாம் படியில் இருந்தபடியே இருந்தது.

அன்றைக்குக் கமலவேணியை மடியில் போட்டுத் தேற்றிய ஹலீமாவின் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, ஆனாலும் அதுதான் நிஜம். 'என் மச்சானைக் கொடுக்க மாட்டேன். உலகமே போனாலும் கொடுக்க மாட்டேன்.' அந்த ஒன்றைத் தவிர அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை.

அவள் அறைக்கு மேலே ஒரு பரண். மக் சாரதாவின் பழைய பெட்டிகளும் கல்யாணத்துக்கு அடுக்கும் தட்டுகளும் அதில் கிடந்தன. ஹனீபா அங்கே ஏறினான். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், சிங்கப்பூருக்கு மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஹலீமா கண்ணீரோடு சொன்னாள். அவன் கட்டையைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். அரிசிதான் இல்லையே, பானை சும்மாதானே கிடந்தது.

இப்போது ஒரு சிக்கல். படியில் ஆம்பளைக் கட்டை ஒன்றுகூட இல்லாவிட்டால் அது பொம்பளைகள் மட்டும் இருக்கும் வீடு என்று தெருவில் போகிற சிப்பாய்க்குத் தெரிந்துவிடும். அந்த ஆபத்தைப் பற்றி யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆம்பளைக் கட்டை இருந்தாலோ ஆள்பிடிக்கிறவன் வருவான். மூன்று பெண்களும் அடுப்படியில் உட்கார்ந்து முழித்தார்கள். வழி கண்டுபிடித்தது ஹலீமாதான்.

"ஜெயபாலன் கட்ட அங்கனயே கெடக்கட்டும் கமலா. அவர சயாமுக்குக் கொண்டுபோனது புடிச்சவனுங்களுக்கே தெரியும். சிப்பாய் பாத்தா ஆம்பள இருக்கான்னு நெனப்பான். ஆள்புடிக்கிறவன் கிட்ட வந்து பாத்தா தூசி இருக்கும். ஆனா ஒண்ணு, அதத் தொடாத. தட்டாத, தொடைக்காத. தூசிதான் நமக்குக் காவல்."

உயிரோடு இருக்கிற மனுஷன் கட்டை தூசியும் சிலந்திக் கூடுமாகக் கிடப்பதைத் தினமும் தாண்டிப் போகச் சொன்னால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது? ஆனாலும் பாய்க்காகக் கமலவேணி சரி என்றாள். ஹனீபாவை அவள் பாய் என்றுதான் கூப்பிடுவாள், கூடப்பிறந்தவன் மாதிரிதான் நடந்துகொள்வாள்.

ஹலீமா போட்ட கணக்குத் தப்பவில்லை. ஆள்பிடிக்கிற கூட்டத்துக்கு வழிகாட்டியாக நம்மாள் ஒருவன் வருவான். பாழாய்ப்போனவன், ஏதோ தோட்டத்தில் கங்காணியாக இருந்தவனாம். வெள்ளைத் தொப்பி என்றுதான் தெருவே அவனைச் சொல்லும். ஒரு நாள் அவன் இந்தப் படியில் வந்து நின்று, குனிந்து, ஜெயபாலன் கட்டைமேல் ஒரு விரலை வைத்து இழுத்தான். விரலைத் தூக்கிப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. "போனவன் கட்ட போலருக்கு" என்று வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான். கதவிடுக்கில் நின்றிருந்த ஹலீமா அவன் அடுத்த வீட்டுப் படி ஏறும்வரை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்று ராத்திரிச் சோற்றுக்குப் பதிலாகக் கிழங்கைத் தின்றுவிட்டு எல்லாரும் பரணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பரணில் நிமிர்ந்து உட்கார முடியாது. பகலெல்லாம் தகரத்தின் சூடு. கதவைச் சாத்திய பிறகுதான் இறங்குவான். அறைக்குள்ளேயே வாளித் தண்ணீரில் ஒளு எடுப்பான். ஹலீமா வழக்கம் விடாமல் கேட்பாள், "தண்ணி சில்லுனு இருக்கா மச்சான்?" "வெந்நி புள்ள. பரண்ல இருந்து வந்தவனுக்கு எல்லாமே வெந்நிதான்" என்பான். உடம்பு பாதியாகிவிட்டது, கேலி மட்டும் குறையவில்லை.

தீபாவளி வந்தது. தீபாவளியாவது ஒன்றாவது. புதுத்துணி என்ற பேச்சே கிடையாது, சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. ஆனால் நாள் என்று ஒன்று வந்துவிட்டால் மனசு சும்மா இருக்குமா? கமலவேணி எங்கிருந்தோ ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் சேர்த்து வைத்திருந்தாள். சொட்டுச் சொட்டாக, தான் சாப்பிடாமல் சேர்த்தது. விடிவதற்குள் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் ஹலீமாவுக்குக் கேட்டது. நல்ல நாளும் அதுவுமாகக் குளிக்கிறாள், பாவம், என்று திரும்பிப் படுத்தாள்.

அவள் குளித்தாள்தான். ஆனால் தன் தலையில் எண்ணெய் வைக்கவில்லை.

விடிந்ததும் ஒரு வாழையிலைத் துண்டில் கிழங்கும் மலாக்கா வெல்லமும் பிசைந்த உருண்டை இரண்டு கொண்டுவந்து கதவைத் தட்டினாள். "பாய்க்குக் குடுங்கக்கா. இன்னிக்கு யாரையும் வெறும் வாயோட விடக் கூடாது." பரணில் ஏறப்போன ஹனீபா அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "தீவாளிக்கு மத்தாப்பு எங்க தங்கச்சி?" என்று கேட்டான். கமலவேணி சிரித்தாள். ஜெயபாலன் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து ஹலீமா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவன் பரணில் ஏறவும் வாசலில் லாரி நிற்கவும் சரியாக இருந்தது. வெள்ளைத் தொப்பிக்குத் தெரியாதா என்ன? வருஷமெல்லாம் காட்டிலும் மேட்டிலும் ஒளிகிறவன் தீபாவளியன்று வீட்டுக்கு வராமல் இருக்க மாட்டான் என்று, பார்த்துப் பார்த்துத்தான் அந்த நாளைப் பிடித்திருந்தான். ஹலீமா பதறாமல்தான் கதவைத் திறந்தாள். தூசி இருக்கிறதே, என்ன பயம்?

மூன்றாம் படியில் ஜெயபாலனின் கட்டை பளபளவென்று ஈரமாக இருந்தது. தூசியும் இல்லை, சிலந்திக் கூடும் இல்லை. வாரில் ஒரு துளி குங்குமம்கூட இருந்தது.

வெள்ளைத் தொப்பி குனிந்து விரலை வைத்தான். விரல் வழுக்கியது. மூக்கில் வைத்து முகர்ந்தான்.

"எண்ணெ தேச்சிக் குளிச்சிருக்கான் மாப்பிள. எங்கம்மா ஆளு?"

"ஆளு இல்லீங்க" என்று கமலவேணி முன்னால் வந்தாள். "சத்தியமா ஆளு இல்லீங்க. அவருக்குத் தேச்சிவிட முடியலியேன்னு அவரு கட்டைக்குத் தேச்சேன். கட்டையத்தான் குளிப்பாட்டி வெச்சேன்."

"கேட்டியா கதைய! கட்டைக்கு எவளாவது எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டுவாளா?"

அவனும் சிரித்தான், என்னவென்று புரியாமலே கூட வந்த சிப்பாயும் சிரித்தான். ஹலீமா சிரிக்கவில்லை. கமலவேணி சொல்வது அத்தனையும் நிஜம் என்று அந்த வாசலில் ஹலீமா ஒருத்திக்குத்தான் தெரிந்தது. கிணற்றடிச் சத்தம் ஞாபகம் வந்தது. 'அடிப் பாவி, என்னடி பண்ணித் தொலச்சே' என்று உள்ளே அலறியது மனசு.

உள்ளே புகுந்து பெட்டியை உருட்டினார்கள், பானையை உடைத்தார்கள். முன்கூடத்தில் மக் சாரதா சாமியறை வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். பரணை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் போயே போயிருப்பார்கள், ஹலீமா அப்படித்தான் கடைசிவரை நம்பினாள். ஆனால் சிப்பாய் பொறுமையிழந்து கமலவேணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் விழுந்தாள். மறுபடி தூக்கி நிறுத்தி அறைந்தான். புருஷன் எங்கே, புருஷன் எங்கே. சயாமுக்கு நீங்கள் கொண்டுபோன புருஷனை நான் எங்கே என்று காட்டுவேன் என்று அவள் கத்தக் கத்த அறை விழுந்தது.

"அந்தப் புள்ளய வுடுங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. ஹனீபா இறங்கினான்.

உடைந்த அரிசிப் பானைக்குப் பக்கத்தில் துணி மூட்டை கிடந்தது. ஹலீமா அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், வெறுங்காலோடு போகிறாரே என்று. பைத்தியக்காரி, அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது அதுதான். அவன் லாரியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான்.

"அத வெளிய வெக்காத புள்ள. உள்ளயே இருக்கட்டும். வந்து நானே எடுத்துப் போட்டுக்குறேன்."

லாரி போய்விட்டது.

ஹலீமா திரும்பி வந்தாள். மூன்றாம் படியில் பளபளத்துக்கொண்டிருந்த கட்டையை இரண்டு கையாலும் வாரினாள். நேரே அடுப்படிக்குப் போனாள். கமலவேணியின் அடுப்பில், அவள் உருண்டைக்குக் கிழங்கு வேகவைத்த நெருப்பு இன்னும் அணையாமல் இருந்தது, அதில் திணித்தாள். எண்ணெய் குடித்த மரம் திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. கன்னம் வீங்கி, உதடு கிழிந்து கமலவேணி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியட்டும்டி" என்றாள் ஹலீமா. "ஒன் புருஷனும் வர மாட்டான். என் வயிறு எரியிற மாதிரி ஒன் வயிறும் எரியும். அவன் இந்தப் படியில காலெடுத்து வெக்கவே மாட்டான், பாத்துக்க!"

மக் சாரதா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "சுடா, சுடா" என்றாள். போதும் என்று அர்த்தம். பொத்தி என்ன பிரயோசனம், சொன்னது சொன்னதுதானே. கமலவேணி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் ஹலீமாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறு நாளிலிருந்து ஹலீமா வேறு இடம் தேடினாள். தெருத் தெருவாக ஏறி இறங்கினாள். ஒரு மூலைகூட இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஏழெட்டுக் குடும்பம் அடைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் அதே அறை, அதே பலகை, அதே அடுப்படி. முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு சமைத்தார்கள். ஒருத்தி கிணற்றடிக்குப் போனால் மற்றவள் காத்திருந்தாள். ஹலீமாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டபோது கதவுக்கு வெளியே ஒரு குவளைக் கஞ்சி வந்து உட்கார்ந்தது. குடித்தாள். குவளையைக் கழுவி, வந்த இடத்திலேயே வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கமலவேணி சாமி கும்பிடுவது பலகை வழியாகக் கேட்கும். "முருகா, பாய் நல்லபடியா வந்து சேரணும். அவரும் வந்து சேரணும்." தினமும் பாய்தான் முதலில், சொந்தப் புருஷன் அடுத்துத்தான். ஹலீமா காதைப் பொத்திக்கொள்வாள். என் மச்சான் பேரை எடுக்க இவள் யார் என்று பல்லைக் கடிப்பாள். கடித்துக்கொண்டே, இன்றைக்கும் சொன்னாளா என்று காதைத் திறந்தும் பார்ப்பாள். மனுஷ மனசு அப்படி ஒரு கேடுகெட்டது.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான். போன வேகத்தில் வெள்ளைக்காரன் வந்தான். ஊர் கும்மாளம் போட்டது. அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு சன்னலில் நின்றார்கள். தம்பினிலிருந்து லாரிகள் வரத் தொடங்கின. தண்டவாளம்தான் போய்விட்டதே, சயாமிலிருந்து மீண்டவர்கள் லாரியில்தான் வந்து இறங்கினார்கள். ஹலீமா தினமும் லாரி நிற்கும் இடத்துக்குப் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது, எலும்பின்மேல் தோல்.

ஜெயபாலன் வந்த நேரம் ஹலீமா வீட்டில்தான் இருந்தாள். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று மக் சாரதா கூப்பிட்டாள். ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, காலெல்லாம் புண்ணாக, வெறுங்காலோடு நின்றான். கமலவேணி போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. ஹலீமா வெளியே வரவில்லை. பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். தன் சாபம் பலிக்காமல் போனதில் அவளுக்கு ஏற்பட்டது சந்தோஷமா, துக்கமா, அவளுக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் பலகை வழியாக வந்தது.

"படியில என் கட்டையக் காணோமே கமலா?"



"உளுத்துப் போச்சுங்க. நான்தான் எடுத்து அடுப்புல வெச்சிட்டேன்" என்றாள் கமலவேணி.

இரண்டு வருஷம் இறுக்கி வைத்திருந்தது என்னவோ அந்த ஒரு பொய்யில் அவிழ்ந்துபோயிற்று. ஹலீமா முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறை வாசலில் போய் நின்றாள்.

"எங்க மச்சானப் பாத்தீங்களா தம்பி? அங்கன எங்கயாச்சும்?"

"பாயையுமா புடிச்சிட்டாங்க?" ஜெயபாலன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. "நான் பாக்கலியேக்கா. சயாம்னா ஒரு எடமில்லக்கா, முடிவே இல்லாத காடு. எப்புடிக்கா மாட்டுனாரு? பரண்லகிரண்ல ஒளிஞ்சிருக்கலாமே?"

கமலவேணி வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் சொல்லத்தான் திறந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஹலீமா முந்திக்கொண்டாள்.

"வந்தாங்க, புடிச்சாங்க தம்பி. எல்லா வூட்டுலயும் நடந்ததுதான். நீங்க படுங்க." பிறகு கமலவேணி பக்கம் திரும்பினாள். "என்னடி முழிக்கிற, அடுப்ப மூட்டு. வந்த மனுஷனுக்குக் கஞ்சி வெக்க வேணாமா?"

அன்று இரண்டு பேரும் ஒரே அடுப்பில் கஞ்சி வைத்தார்கள். கமலவேணி அகப்பையைப் பிடித்தபடி தேம்பித் தேம்பி அழுதாள். ஹலீமா அவள் தோளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "காசியான், காசியான்" என்று மக் சாரதா இருவர் தலையையும் தடவினாள். பாவம், பாவம் என்று. யாரைச் சொன்னாளோ.

லாரிகள் குறைந்தன. ஒன்றிரண்டாயின. அப்புறம் நின்றே போயின. இனிமேல் யாரும் இல்லை என்று அங்கே நின்ற ஒரு சர்க்கார் ஆள் சொன்னான். ஹலீமா வீட்டுக்கு வந்து துணி மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் டின் துண்டில் கொஞ்சம் துரு ஏறியிருந்தது. வந்து நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னவர். உள்ளேயே இருக்கட்டும் என்று சொன்னவர். இதை வெளியே வைத்தால் அவர் வர மாட்டார் என்று ஒத்துக்கொண்டதாகாதா? சந்தில் ஜெயபாலன் ஆறாத புண்காலை வெறுந்தரையில் இழுத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து வீட்டுக்குத் திரும்புவது கேட்டது. அவன் கட்டையைச் சாம்பலாக்கியது இந்தக் கைதானே.

மூட்டையை அவிழ்த்து, மூன்றாம் படியில் ஜோடி சேர்த்து வைத்தாள். "தம்பி, இதப் போட்டுக்குங்க. சும்மாதானே கெடக்குது" என்று குரல் கொடுத்துவிட்டு, அவர்கள் வெளியே வருவதற்குள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறு நாள் விடியற்காலை. நல்ல தூக்கம். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படித் தூங்கினாள். சந்தில் டொக், டிங், டொக், டிங் என்று போயிற்று. கிணற்றடியில் தண்ணீர் சலசலத்தது. திரும்பி வந்தது. சன்னலடிக்கு வந்தபோது அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"தண்ணி சில்லுனு இருக்கா மச்சான்?"

கட்டை நின்றுவிட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் அவளுக்கு முழுசாக விழிப்பு வந்தது. வெளியே ஜெயபாலன் ஓசைப்படாமல் கட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போனான். ஹலீமா பாயைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கடுத்த நாள் கட்டைச் சத்தமில்லை. சந்தில் வெறுங்கால் ஊர்வதுதான் கேட்டது. மூன்றாம் படியில் ஹனீபாவின் கட்டை ஆள் தொடாமல் கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அதன்மேலும் தூசி படியும். ஹலீமாவால் அதைத் தாங்க முடியாது. கிணற்றடியிலிருந்து வந்தவனைச் சன்னலில் நின்று மறித்தாள்.

"ஏன் தம்பி கட்டையப் போடல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வேணாங்கக்கா. ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"கஷ்டந்தான். இல்லாட்டி மட்டும் கஷ்டமில்லியா? போட்டுக்கிட்டு நடங்க. நல்லா சத்தமா நடங்க. நான் ஏதாச்சும் கேட்டா நீங்க பதில் சொல்ல வேணாம். நின்னுறாதீங்க, அவ்வளவுதான். போயிக்கிட்டே இருங்க."

அடுத்த நாள் விடிவதற்குள் சந்தில் சத்தம் கேட்டது. டொக், டிங், டொக், டிங். ஹலீமா விழித்துத்தான் இருந்தாள். இருந்தாலும் கண்ணைத் திறக்கவில்லை. சத்தம் கிணற்றடி போய், திரும்பி, சன்னலை நெருங்கியது. அவள் மெல்லக் கேட்டாள். சொன்னபடி அவன் நிற்காமல் நடந்து போனான். படியில் கட்டையைக் கழற்றி ஜோடி சேர்த்து வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து பாயைச் சுருட்டினாள்.